எல்லா வயதிலும் பேஷண்ட், நம்ம முருகேசன் அண்ணன்

முருகேசன் அண்ணன் போய்விட்டார்.

இன்று விடியற்காலை, தூக்கத்திலேயே. கொச்சியில், கொச்சங்காடியில் இஸ்திரிக் கடை வைத்திருந்தாரே, அவர்தான். மட்டாஞ்சேரிக்கு அவர் இஸ்திரிக்காரர்... எங்கள் நர்சிங் ஸ்கூல் பெண்களுக்கு அவர்தான் பேஷண்ட்!

ஆமாம், பேஷண்ட். ஒரு நோயாளியை எப்படிப் பரிசோதிப்பது என்று நாங்கள் பழக ஓர் ஆள் வேண்டுமே! யூனிஃபார்ம் மூட்டையோடு வந்தவரை எங்கள் டியூட்டர் லில்லி மிஸ் ஒருநாள் பிடித்துக் கட்டிலில் உட்கார வைத்தார். கோயில் திருவிழா நாடகத்தில் வேஷம் கட்டிய ஆள், விடுவாரா?

அழுதுகொண்டேதான் டைப் செய்கிறேன். ஆனால் அவரை நினைத்தாலே சிரிப்பு முட்டுகிறது, என்ன செய்ய!

அவ்வளவு பெரிய மீசை. அந்த மீசையோடு இரண்டு வயதுக் குழந்தை! கர்ப்பிணி என்றால் தேய்த்து மடித்த பெட்ஷீட் இரண்டு வயிற்றில் ஏறிவிடும். பச்சைக் குழந்தைக்கு மட்டும் பொம்மை. அழுகை, திரைக்குப் பின்னாலிருந்து, அண்ணனுடையது.

பதினைந்து வயதுப் பையனாக வந்தால், அம்மாவாக நடிக்கும் பெண்ணை வெளியே அனுப்பும்வரை வாயே திறக்க மாட்டார். கிழவராக வந்தால் ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு அடுத்த கேள்விக்குத் தாவினோமோ, மௌன விரதம்தான்.

லில்லி மிஸ் "மதி" என்று சொல்லும்வரை வேஷம் கலையாது. மலையாளத்தில் மதி என்றால் போதும். ஒருநாள் பக்கவாத நோயாளியாக உட்கார்ந்திருந்தார். நடுவில் போன் வந்து வெளியே போன மிஸ் அவரை மறந்தே போனார். சாப்பாட்டு மணி அடித்தாயிற்று. பிரின்சிபால் எட்டிப் பார்த்து, "சேட்டன் ஊணு கழிச்சோ?" என்று கேட்டார், அண்ணன் சாப்பிட்டாச்சா என்று. கோணிய வாய் கோணியபடியே! மிஸ் ஓடி வந்து "மதி, மதி" என்ற பிறகுதான் எழுந்து, "சோறு மிச்சம் இருக்கா?" என்றார்.

என்னை முதல் பிராக்டிகலில் ஃபெயில் ஆக்கியதே இந்த அண்ணன்தான், தெரியுமா?

இரண்டு வயதுக் குழந்தை கேஸ். முதலில் விளையாட்டுக் காட்ட வேண்டும், காதும் தொண்டையும் கடைசியில்தான். நான் பதற்றத்தில் நேராகக் காதுக்கே போய்விட்டேன். "அம்மேஏஏ!" என்று ஓர் அலறல்... வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

அடுத்த முறையும் போச்சென்றால் படிப்பு வேண்டாம், இடப்பள்ளியில் துணிக்கடை வேலைக்குப் போ என்று அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார்.

இரண்டாவது முறை எனக்கு வந்த சீட்டு: எழுபத்தெட்டு வயது, மூட்டு வலி, மற்றதெல்லாம் நார்மல். அண்ணன் கூன் போட்டு, கம்பு ஊன்றி வந்தார். எனக்கு உள்ளே ஒரே குஷி. காது இல்லை, அலறல் இல்லை!

மணிக்கட்டில் விரல் வைத்தேன். ஒரு துடிப்பு வந்தது. அடுத்தது... வரவில்லை. பிறகு இரண்டு மூன்று சேர்ந்து ஓடின. ஒரு நிமிடம் முழுக்க எண்ணினேன். நெஞ்சில் ஸ்டெத் வைத்தேன். அங்கேயும் தாளம் தப்பித்தான் இருந்தது.

"முட்டிதான் மோளே வலிக்குது... கையை விடு," என்றார், மகளை அதட்டும் கிழவர் குரலில்.

"பல்ஸ்?" எக்ஸாமினர் கேட்டார்.

நார்மல் என்றால் பாஸ். சீட்டிலேயே அப்படித்தான் இருக்கிறது. வேறு ஏதாவது சொல்லி அது தப்பானால், துணிக்கடை!

"இர்ரெகுலர், மேடம்."

பின்னால் காத்திருந்த ஒருத்தி கிசுகிசுத்தாள். "அண்ணன் ஆக்டிங் போடறாருடி, ஏமாறாத!"

முகம் நடிக்கும், குரல் நடிக்கும். பல்ஸ் எப்படி நடிக்கும்? "ஆக்டிங் இல்ல மேடம், நெசமாவே இருக்கு. நீங்களே பிடிச்சுப் பாருங்க," என்றேன்.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த லில்லி மிஸ் எழுந்து வந்தார். ஸ்டெத் வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு மெதுவாக, "மதி, முருகேசா," என்றார்.

அண்ணன் கூனை நிமிர்த்தினார். முகம் வாடிப்போயிருந்தது. "தப்பா நடிச்சுட்டேனா மிஸ்?"

கடவுளே, அந்தக் கேள்வி!

கொஞ்ச நாளாகவே படி ஏறினால் மூச்சு வாங்கியிருக்கிறது. இஸ்திரிப் பெட்டிக் கரிப்புகை என்று நினைத்து விட்டுவிட்டாராம். அன்றைக்கே ஆஸ்பத்திரி, ஈசிஜி, மாத்திரை. இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் பக்கவாதத்தில் கொண்டுபோய் விட்டிருக்கும் என்றாராம் டாக்டர். அன்று வாயைக் கோணிக்கொண்டு நடித்தாரே, அதே பக்கவாதம்!

நான் பாஸ்!!!

அதற்கப்புறம் அண்ணனைப் பிடிக்க முடியுமா? துணி கொண்டுவருகிற எல்லோரிடமும், "இந்தப் புள்ள ஜெயிச்சது என் பல்ஸாலயாக்கும்!" புது பேட்ச் வந்தால் கையை நீட்டிக்கொண்டு தயாராக உட்காருவார். எவளாவது நார்மல் என்றால், "இன்னொருக்கா நல்லா பிடிச்சு நோக்கு மோளே." எத்தனை வருஷம் இந்தப் பெருமை!

இன்று மத்தியானம் டூட்டி முடிந்து கலூர் ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை, அவர் மனைவி சரசு அக்காவே தேய்த்துப் போட்டுவிட்டிருந்தார். பழக்க தோஷம்... என் கை தானாக மணிக்கட்டுக்குப் போய்விட்டது. ஒரு நிமிடம் முழுக்க வைத்திருந்தேன்.

"யார் கூப்பிட்டும் எந்திரிக்க மாட்டேங்குறாரு பாரு புள்ள," என்றார் அக்கா.

காது கடைசியில்தான். இப்போது மறக்கவில்லை அண்ணா.

குனிந்து காதில் சொன்னேன்.

"மதி, அண்ணா... மதி."