கண் வரைந்த வேனில் தேரிக்காடு

எழுபதுகளின் நடுவில் ஒரு மே மாதம், என் மனைவி நைஜீரியாவுக்குப் போவதற்கு முன்னால், நாங்கள் இருவரும் ஒரு பழைய வேனில் கடற்கரையோரமாகச் சுற்றிவிட்டு வந்தோம். அவளுக்கு அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியை வேலை கிடைத்திருந்தது. மூன்று வருட ஒப்பந்தம். எனக்குத் தூத்துக்குடிப் புதுத் துறைமுகத்தில் வரைபடப் பிரிவில் வேலை. விட்டுவிட்டுக் கூடப் போக முடியாது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஊர் திரும்பியதும் அவள் சம்மதம் சொல்லித் தந்தி கொடுக்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு முன்பு, "உங்களுக்கு எப்படி அத்தான் இருக்கு?" என்று கேட்டாள். "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டேன். போகாதே என்று சொல்ல ஆசை. அதைச் சொல்ல எனக்கு மிச்சமிருந்த இடம் அந்த வேன்தான்.

வேன் அவளுடைய அண்ணனுடையது. முன்பு கண் சிகிச்சை முகாம்களுக்கு ஓடிய வண்டியை ஏலத்தில் எடுத்து, உள்ளே இரண்டு பலகைப் படுக்கை, மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்கு ஒரு தகர மேடை, கூரையில் குழாய் வைத்த தண்ணீர்த் தொட்டி எல்லாம் பொருத்தியிருந்தார். ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு இடம் நான் ஒதுக்கினேன். கரண்டிகள் ஆணியில், அரிசி படுக்கைக்கு அடியில், அரிக்கேன் விளக்கு ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால். வெளிப்பக்கம் வரைந்திருந்த பெரிய கண்ணை மட்டும் அண்ணன் அழிக்காமல் விட்டுவிட்டார்.

அதன் பலன் பழையகாயலில் தெரிந்தது. மரநிழலில் நிறுத்தி அவள் டீ போடுவதற்குள் ஆட்கள் கூடிவிட்டார்கள். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒருவர் முன்னால் வந்தார்.

"டாக்டரய்யா, போன தடவ எழுதிட்டுப் போனிய. கண்ணாடி எப்ப தருவீய?"

"நான் டாக்டர் இல்ல அண்ணாச்சி. நாங்க சும்மா ஊர் பாக்க வந்திருக்கோம்."

"ஊர் பாக்கவா? இங்கன என்னத்த இருக்கு பாக்க?" என்றார். பிறகு என் மனைவியைப் பார்த்து, "நர்ஸம்மா, நீங்களாச்சும் சொல்லுங்க" என்றார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவருக்கும் ஒரு டம்ளர் டீ கொடுத்தாள்.

பார்க்க ஒன்றுமில்லை என்று அவர் சொன்னதில் தவறில்லை. நாங்கள் தேடிப் போனதே அப்படிப்பட்ட ஊர்களைத்தான். முத்துக்குளிப்பு நடந்த வருடங்களில் ஓலைக் கொட்டகைகளாலேயே ஒரு பட்டணம் எழும்பி, குளிப்பு முடிந்ததும் அடங்கிப்போன கரைகள் அவை. புன்னைக்காயலில் மண்ணைக் காலால் கிளறினால் சிப்பி ஓடு வந்தது. குலசேகரன்பட்டினத்தில், பனஞ்சாற்றில் சர்க்கரை காய்ச்சிய ஆலை போய், அதை நம்பி ஓடிய சின்ன ரயிலும் போய், தண்டவாளம் கிடந்த மேடு மட்டும் உடை முள்மரங்களுக்கு நடுவே நீண்டது. மணப்பாட்டில் கொழும்புப் பணத்தில் கட்டிய மாடிவீடுகள் பூட்டிக் கிடந்தன. அவள் ஒவ்வொரு பூட்டின் முன்னாலும் நின்று, "இவங்கல்லாம் திரும்பி வருவாங்களா?" என்று கேட்டாள். கொழும்பில் இருப்பவர்களைப் பற்றித்தான் கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டு, "கோயில் திருவிழாவுக்கு வருவாங்க" என்றேன்.

எங்கள் வீடுகளில் சாயங்காலம் குடும்ப ஜெபம் உண்டு. அவள் ஊர் நாசரேத், என் ஊர் சாத்தான்குளம். இரண்டு பக்கமும் ஒரே வழக்கம்தான். ஒருநாள் ஒருவர் ஜெபிக்க வேண்டும், மற்றவர் ஆமென் சொல்ல வேண்டும். நேரே சொல்ல முடியாததைக் கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவரிடம் சொல்லிவிடுவதும் அந்த வழக்கத்தைச் சேர்ந்ததுதான். குழம்பில் உப்பு கூடுவதைப் பற்றி என் தகப்பனார் அப்படித்தான் ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார். என் தாயார் தன் முறை வந்தபோது, எல்லாருக்கும் நல்ல நாக்கைத் தாரும் ஆண்டவரே என்று கேட்டார்.

புன்னைக்காயலில் என் முறை. விமானப் பயணத்துக்காகவும், அந்த நாட்டு வெயிலுக்காகவும், அவளுக்கு அமையப்போகும் தலைமையாசிரியருக்காகவும் ஒழுங்காக ஜெபித்தேன். அவள் ஆமென் சொல்லக் கொஞ்சம் தாமதித்தாள். மணப்பாட்டில் அவள் முறை. என் வயிற்றுவலிக்காகக் கேட்டாள். சமைக்க ஒரு நல்ல ஆள் கிடைக்கக் கேட்டாள். முடிக்கப் போகிறாள் என்று நினைத்தபோது, "அவங்க மனசுல இருக்கதச் சொல்ல அவங்களுக்கு ஒரு வாயைத் தாரும்" என்றாள். நான் ஆமென் சொன்னேன். பிறகு எழுந்து ஸ்டவ்வைப் பற்றவைத்தேன்.

மறுநாள் தேரிக்குள் போனோம். சிவப்பு மணல், மேடு மேடாக, கண்ணுக்கு எட்டியவரை. நடுநடுவே பனையும் முந்திரியும். என்னிடம் இருந்த வரைபடத்தில் தேரியைக் குறுக்கே கடக்கும் ஒரு வண்டிப்பாதை தெளிவாக இருந்தது. மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று அந்த மணலை வருடந்தோறும் தள்ளி வைக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் கோடு போட்டிருந்தால் நம்புவது என் தொழில். பாதி தூரத்தில் பாதை ஒரு மேட்டுக்கு அடியில் போய்விட்டது. பின்சக்கரங்கள் அச்சுவரை இறங்கின.

பயினி என்கிற பதநீரைக் காய்ச்சும் குடிசையிலிருந்து இரண்டு பேர் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார்கள்.

"ஏல, இங்க பாரு. ஒலகத்துல எல்லாரும் வீட்ட விட்டுட்டுப் போவான். அண்ணாச்சி வீட்டயே தூக்கிட்டு வந்திருக்காரு."

"கண்ணு இம்புட்டுப் பெருசா இருக்கு, பாதைதான் தெரியல" என்றான் மற்றவன்.

காற்று விழுந்தபிறகு காலையில் தள்ளலாம், இப்போது தோண்டத் தோண்ட மூடும் என்று சொல்லி, ஒரு செம்பு பயினி கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அன்று என் முறை. வேன் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. பலகையில் உட்கார்ந்தால் வழுக்கியது. ஜன்னலில் மணல் உரசிக்கொண்டே இருந்தது. வழக்கமாகத் தொடங்கும் இரண்டு வாக்கியங்களைச் சொன்னேன். மூன்றாவது வரவில்லை. பிறகு, "இவளை அனுப்ப எனக்கு மனசு இல்லை ஆண்டவரே. இவள் இல்லாத வீட்டுக்குள்ளே எப்படிப் போகிறதென்று தெரியவில்லை" என்றேன். அதோடு நின்றுவிட்டது.

ஆமென் வரவில்லை. கண்ணைத் திறந்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத ரெண்டு மாசத்துக்கு முன்னயே சொல்லியிருக்கலாம்லா."

"சொல்லியிருந்தா?"

"அப்பவும் போயிருப்பேன்." சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா போகாதன்னு சொல்லக்கூட ஆள் இல்லாமப் போறோமேன்னு இருந்திச்சு. அது இனி இல்ல."

"அப்ப போகத்தான் செய்வியா?"

"ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு, அதே வாய்ப்பாடு. நான் ரயில்ல மதுரைக்கு அந்தப் பக்கம் போனதில்ல அத்தான். எனக்குப் போகணும்."

"மூணு வருஷம்ளா."

"மூணு வருஷந்தான்."

அவள் செம்பில் மிச்சமிருந்த பயினியை இரண்டு டம்ளரில் ஊற்றினாள். எனக்குக் கூடுதலாக விழுந்தது.

விடிந்ததும் அந்த இருவரும் பனையோலைகளைச் சுமந்து வந்தார்கள். மணலைத் தோண்டி, சக்கரங்களுக்கு முன்னால் ஓலைகளைக் கிடத்தினோம். தள்ள மூன்று பேராவது வேண்டும்; அதனால் அவள் ஓட்ட வேண்டியதாயிற்று. போகிற நாட்டில் உதவும் என்று அண்ணன் அவளுக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் ஓட்டப் பழக்கியிருந்தார். மணலில் அவள் ஓட்டியதில்லை.

"யக்கா, கிளம்பிட்டா நிக்கப்படாது. நின்னா மறுபடியும் எறங்கிரும். கெட்டித் தரை வாறவரைக்கும் போய்க்கிட்டே இருங்க" என்றான் ஒருவன்.

அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். நாங்கள் தோள் கொடுத்தோம். ஓலைகள் முறிந்தன, சக்கரம் ஒருமுறை சுழன்று மணலை முகத்தில் இறைத்தது, பிறகு பிடித்துக்கொண்டது. வண்டி எங்கள் கைகளை விட்டு நகர்ந்தது. சற்றுத் தூரத்தில் வேகம் குறைந்தது. அவள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டித் திரும்பிப் பார்த்தாள்.

"நிக்காத!" என்று கத்தினேன். "போளா, போ! நிக்காத!"

வேன் மேட்டில் ஏறி அந்தப் பக்கம் இறங்கியது. கொஞ்ச நேரம் சத்தம் மட்டும் கேட்டது. நான் முறியாத ஓலைகளைப் பொறுக்கித் தோளில் போட்டுக்கொண்டு, சக்கரத் தடத்திலேயே நடந்தேன்.