புள்ளி அக்கா

திரைச்சீலை தைக்கும் கடையில் அவளைப் புள்ளி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். புருஷன் சரக்குக் கப்பலில் மெக்கானிக். எந்தக் கப்பல் எங்கே போகிறது என்று காட்டும் செயலி அவள் கைப்பேசியில் இருந்தது. அதில் அவன் கப்பல் ஒரு பச்சைப் புள்ளி. தையல் மெஷின் பக்கத்தில் கைப்பேசியைச் சாய்த்து வைத்து, தைத்தபடியே அதைத் திட்டுவாள்.

"ஏன் இப்படி ஊர்ந்துக்கிட்டு வர்றீங்க? உடம்பு வளையலையா?"

புள்ளியே ஆனாலும் புருஷன் அல்லவா, திட்டும்போதும் வாங்க போங்கதான்.

வரும் வழியில் கொள்ளைக்காரர்கள் உலவும் ஒரு குறுகலான கடல் இருந்தது. அதற்குள் புகுந்தால் சீக்கிரம் வரலாம். கண்டத்தையே சுற்றி வந்தால் இரண்டு வாரம் கூடும். கடை முதலாளி வெளிநாட்டில் வாங்கிய துணியெல்லாம் வேறொரு கப்பலில் சுற்றித்தான் வந்துகொண்டிருந்தது.

"நாலு படகுக்குப் பயந்து அவ்வளவு பெரிய கப்பல் ஊரைச் சுத்துது. வெக்கக்கேடு!" என்று புலம்புவார்.

"அந்தப் படகுக்கு முன்னால நீங்க போய் நில்லுங்க முதலாளி. கடையை நான் பார்த்துக்கிறேன்" என்பாள்.

சுற்றித்தான் வருவேன் என்று புருஷன் அவளுக்குச் சத்தியம் செய்திருந்தான். ஆனால் ஒரு காலையில் புள்ளி குறுக்கு வழிப் பக்கம் திரும்பியது. போகுமிடம் என்ற கட்டத்தில் துறைமுகத்தின் பெயர் இல்லை. 'கப்பலில் ஆயுதக் காவலர்கள் இருக்கிறார்கள்' என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. கொள்ளைக்காரர்களும் இதே செயலியைத்தான் பார்ப்பார்களாம், அவர்களுக்கான சேதி அது. காவலர்கள் இருக்கிறார்களே என்று அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. மத்தியானம் பார்த்தால் புள்ளியையே காணோம்.

பதறிப்போய்க் கப்பல் கம்பெனிக்குப் போன் போட்டாள்.

"பயப்படாதீங்கம்மா. ஆபத்தான இடத்துல கேப்டனே சிக்னலை அணைச்சுடுவார்" என்றார் அதிகாரி.

"என் வீட்டுக்காரரைக் கேக்காம அங்க எப்படிக் கூட்டிட்டுப் போனீங்க?"

"கேட்டோம்மா. இஷ்டமில்லாதவங்களை அந்தக் கடலுக்குள்ள கொண்டுபோகக் கூடாதுன்னு விதியே இருக்கு. வரலைன்னு சொன்னா முந்தின துறைமுகத்துலயே இறக்கி வீட்டுக்கு அனுப்பிடுவோம். அவர்தான் முதல் ஆளா வர்றேன்னு கை தூக்கினார்."

கை தூக்கினாராம்! வீட்டில் ஒரு வாளித் தண்ணீர் தூக்கச் சொன்னால் இடுப்பு பிடித்துக்கொண்டது என்பவர்.

அதற்குப் பிறகு அவள் வாயே திறக்கவில்லை. ஒரு ஜன்னலின் இரண்டு திரைகளையும் நடுவில் சேர்த்துத் தைத்துவிட்டாள், இனி அந்தத் திரையை யாரும் விலக்க முடியாது. முதலாளிக்கே பொறுக்கவில்லை.

"என்னையாவது ரெண்டு வார்த்தை திட்டும்மா. உன்னை இப்படிப் பார்க்கச் சகிக்கலை."

அவரைத் திட்டத்தான் வாயெடுத்தாள். அழுகைதான் வந்தது.

மறுநாள் சாயங்காலம் புருஷனிடமிருந்து போன் வந்தது.

"கடந்துட்டோம். ஒரு படகு பக்கத்துல வந்துச்சு. பார்த்துட்டுத் திரும்பிப் போயிடுச்சு."

"காவலர்களைப் பார்த்துப் பயந்திருப்பாங்க."

"எங்க காவலர்? அது சும்மா போட்டது. நானும் சமையல்காரரும்தான் தீயணைக்கிற குழாயைப் பிடிச்சுக்கிட்டு நின்னோம். நடுவுல என் பழைய சட்டையைப் போட்டு ஒரு பொம்மை."

"மூணு பேர்ல அதுதான் நடுங்காம நின்னிருக்கும். வீட்டுக்கு அனுப்புறேன்னு சொன்னாங்களே, இறங்கி வராம எதுக்குக் கை தூக்குனீங்க?"

"பாதியில இறங்கி வந்தா, பயந்துட்டு ஓடி வந்தீங்களான்னு திட்டுவே. சுத்தி வந்தா, ஏன் லேட்டுன்னு திட்டுவே. நான் என்னதான் பண்ணுறது?"



"ஓடி வந்தாலும் திட்டுவேன், லேட்டா வந்தாலும் திட்டுவேன். திட்டிக்கிட்டே சோறும் போடுவேன். வராமலே போயிட்டா நான் யாரைங்க திட்டுறது?"