சத்து மாத்திரைப் பொட்டலம்

செய்தி வந்தபோது பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தேன். "சிஸ்டர், உங்க டாக்டரு சேலத்துல தவறிட்டாருங்களாம்" என்றார் கடைக்காரர். எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, கோபம். போன மாதக் கடிதத்தில்கூட, "அந்த விஷயத்தை விட்டுவிடுங்கள் சிஸ்டர்" என்றுதான் எழுதியிருந்தார். சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். நான் எப்படி விடுவது?

டாக்டர் ஞானப்பிரகாசத்தை உங்களில் பலருக்குத் தெரியும். சேலத்துக்குப் போகுமுன் எங்கள் ஊரில் அவர் கிளினிக் நடத்திய பதினோரு வருடமும் நான்தான் அங்கே நர்ஸ். அவரோடு வேலை செய்வது லேசுப்பட்ட காரியம் அல்ல. காய்ச்சல் என்று வந்தவரிடம் முந்தாநாள் தின்றது வரை விசாரிப்பார். வெளியே கூட்டம் முணுமுணுக்கும், உள்ளே இவர், "வேற என்ன சாப்பிட்டீங்க?" என்று மூன்றாம் முறையாகக் கேட்டுக்கொண்டிருப்பார். கடைசியில் ஊசியும் இல்லை, டானிக்கும் இல்லை என்று அனுப்பிவிடுவார். அவர்கள் என்னிடம் வந்து மூக்கால் அழுவார்கள். "ரெண்டு சத்து மாத்திரை குடுத்தா குடி முழுகிடுங்களா டாக்டர்?" என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன். "தேவையில்லாததை எதுக்குக் குடுக்கணும்?" என்றார். அதற்கு மேல் அவரோடு பேச முடியாது.

தக்காளி மண்டியில் ஏலம் கூறிய லூர்துசாமியையும் நீங்கள் அறிவீர்கள். அவர் விலை சொன்னால் ரோட்டில் நிற்கும் டிராக்டர்காரருக்கும் கேட்கும். ஐம்பது வயதில் அந்தக் குரல் தேயத் தொடங்கியது. கை நடுங்கியது, கால் எடுத்து வைக்க வரவில்லை. யாரோ சொன்னார்கள் என்று தீர்த்தமலைக்குப் போய்க் குளித்துவிட்டுக்கூட வந்தார். டாக்டர் பார்த்ததும் பார்க்கின்சன் நோய் என்றார்.

"கை கால்ல கோளாறு இல்லீங்க. மூளைக்குள்ள டோபமின்னு ஒண்ணு சுரக்கணும். அது இருந்தாத்தான் நாம நடக்க நினைச்சது காலுக்குப் போய்ச் சேரும், பேச நினைச்சது வாய்க்குப் போய்ச் சேரும். உங்களுக்கு அது வத்திக்கிட்டு வருது."

டோபமினை அப்படியே விழுங்கினால் மூளைக்குள் நுழையாதாம். உள்ளே போன பிறகு டோபமினாக மாறுகிற லெவோடோபா என்ற மருந்து அப்போதுதான் வந்திருந்தது. டாக்டர் தன் பழைய சிநேகிதருக்கு எழுதி, அது மெட்ராஸிலிருந்து ரயிலில் பொம்மிடிக்கு வந்து, அங்கிருந்து பஸ்ஸில் எங்களிடம் வந்தது. மூன்றாம் வாரம் ஒரு காலையில் மண்டிப் பக்கமிருந்து அந்தக் குரல் கேட்டது. டாக்டர் பேனாவை வைத்துவிட்டு ஜன்னலருகே போய் நின்றார்.

அந்த மருந்து குமட்டும். சாப்பாடு இறங்காமல் லூர்துசாமி மெலிந்தார். அவர் மனைவி என்னிடம் வந்து, "மனுசன் துரும்பா எளைச்சிட்டாருங்க சிஸ்டர், சத்துக்கு எதாச்சும் குடுங்க" என்றார். பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்து, "காலை ஒன்று, இரவு ஒன்று" என்று எழுதிக் கொடுத்தேன். டாக்டரிடம் சொல்லவில்லை. சத்து மாத்திரையை மருந்து என்று யார் நினைக்கிறார்கள்?

சில நாளில் குரல் மறுபடி போயிற்று. டாக்டர் மருந்தைக் கூட்டினார்; வாந்திதான் கூடியது. "வேற என்ன சாப்பிடறீங்க?" "உங்க மருந்தைத் தவிர வேற ஒண்ணும் தொடறதில்லீங்க." லூர்துசாமி பொய் சொல்லவில்லை; கிளினிக்கில் கொடுத்தது எல்லாம் அவருக்கு டாக்டர் மருந்துதான். "நாம வேற எதாவது குடுத்தமா சிஸ்டர்?" என்று என்னையும் கேட்டார். "ஒண்ணும் இல்லீங்க டாக்டர்" என்றேன். நானும் பொய் சொல்லவில்லை, அல்லது அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். இரண்டு மாதம் இப்படியே போனது. மண்டியில் ஏலத்துக்கு வேறு ஆளை நிறுத்திவிட்டார்கள்.

ஒரு மத்தியானம் தபாலில் வந்த மருத்துவ இதழைப் படித்துக்கொண்டிருந்த டாக்டர் சட்டென்று எழுந்து லூர்துசாமி வீட்டுக்குப் போனார். மாதா படத்துக்குப் பக்கத்தில் என் பொட்டலம் இருந்ததாம். திரும்பி வந்து அதை என் மேஜைமேல் வைத்தார்.

"இதுல இருக்கிற பி-6 வைட்டமின், அந்த மருந்தை வழியிலேயே டோபமினா மாத்திடுது சிஸ்டர். மண்டிக்குக் காயா வந்து சேர வேண்டிய தக்காளி பாதி வழியில பழுத்து நசுங்குற மாதிரி. மூளைக்கு ஒண்ணும் போய்ச் சேராது."

மாத்திரையை நிறுத்தினோம். இரண்டு வாரத்தில் குரல் வந்தது. வேலை வரவில்லை. "என்னோட தப்புங்க" என்று லூர்துசாமியிடம் டாக்டரே போய்ச் சொன்னார். ஊர் சும்மா இருக்குமா? புது மருந்தை அந்த மனிதர்மேல் வெள்ளோட்டம் பார்த்தார் என்றது. லூர்துசாமி அதன்பின் தர்மபுரியில் மருந்து வாங்கிக்கொண்டார். எங்கள் வாசல்படி மிதிக்கவில்லை.

உண்மையைச் சொல்கிறேன் என்று நான் எத்தனையோ முறை மன்றாடினேன். "நீங்க சொன்னா நாளைக்கு உங்க கையால ஊசி போட்டுக்க யாரு வருவாங்க? தப்பு என் கேள்வியிலதான். சத்து மாத்திரை, டானிக்னு பேர் சொல்லிக் கேட்டிருக்கணும்" என்பார். என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அன்றோடு தீர்ந்திருக்கும். அந்த மனிதர் அதற்கும் வழி விடவில்லை. நானும் வாயை மூடிக்கொண்டேன். அவர் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது.

அடக்கத்துக்கு லூர்துசாமி வரவில்லை. மறு வாரம் அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மருந்தின் வேகம் இறங்கியிருந்த நேரம். குரல் சன்னமாக வந்தது. குனிந்து காது கொடுத்தேன்.

"ஏனுங்க சிஸ்டர், போன வாரமே சொல்லியிருந்தா ஒரு பிடி மண்ணு போட்டிருப்பேனுங்களே."

அவரை அறிந்த உங்கள் எல்லோரிடமும் இப்போது சொல்கிறேன்: தப்பு டாக்டருடையது அல்ல. அவர் மேஜைமேல் வைத்த பொட்டலம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அவர் நினைவாக நான் வைத்திருப்பது அது ஒன்றுதான். அதன்மேல் இருப்பது என் கையெழுத்து.