தொண்ணூற்று இரண்டு புள்ளி நான்கு

டாயல் ஹெக்கர்ட் தன் வாழ்நாளில் யாரையும் வேகத்தால் தோற்கடித்ததில்லை. லீப்ஸ்பர்க்கில் நாற்பது வருடமாக அவரைக் கார்ப் பந்தயக்காரர் என்றே எல்லோரும் அறிந்திருந்ததால் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வார நாட்களில் பள்ளிப் பேருந்து ஓட்டினார். சனிக்கிழமைகளில் டர்னி ஃபீல்டின் ஓடுபாதையில் பழுப்பு நிற டாட்ஜ் டார்ட் ஒன்றை ஓட்டினார். இரண்டிலும் அவருக்குப் புகழ் ஒன்றுதான்: சொன்ன நேரத்துக்கு வந்துவிடுவார்.

எங்கள் பந்தயத்துக்கு அது போதும். ஓட்டுவதற்கு முன் தன் வண்டி எத்தனை நொடியில் பாதையைக் கடக்கும் என்பதை ஒவ்வொருவரும் வெள்ளை ஷூ பாலிஷால் கண்ணாடியில் எழுத வேண்டும். இரண்டிரண்டு வண்டியாக ஓடும்போது, மெதுவான வண்டியை இரு எண்களின் வித்தியாசத்துக்கு ஏற்ப முன்னதாக விடுவார்கள். முதலில் எல்லையைத் தொடுபவருக்கு வெற்றி. ஆனால் எழுதியதைவிட நொடியில் நூறில் ஒரு பங்கு வேகமாக ஓடிவிட்டால் தோல்வி. அதற்கு பிரேக்அவுட் என்று பெயர். உலகத்தில் வேறு எங்கேயும் வேகமாக ஓடியதற்காக ஒருவனை வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள். தோற்றவனும் அதை நியாயம் என்று ஏற்றுக்கொண்டு வண்டியை டிரெய்லரில் ஏற்றுவான்.

இதில் ஒரே ஒரு பாவம்தான் உண்டு. தன்னால் எட்டு நொடியில் ஓட முடியும் என்று தெரிந்தும் எட்டரை என்று எழுதிவிட்டு, எல்லைக்கு அருகில் பிரேக்கை மிதித்து ஜெயிப்பது. அப்படிச் செய்பவனை இங்கே மணல்மூட்டை என்பார்கள். மனைவியை விட்டுவிட்டு ஓடியவனோடு சேர்ந்து டர்னி ஃபீல்டில் சாப்பிடுவார்கள், மணல்மூட்டையோடு சாப்பிடமாட்டார்கள்.

டர்னி ஃபீல்டு போர்க்காலத்தில் விமானிகளுக்குப் பயிற்சி கொடுத்த இடம். போர் முடிந்ததும் விமானங்கள் போய்விட்டன, கான்கிரீட் தங்கிவிட்டது. ஆர்வில் டர்னி சோயா பயிரிடலாம் என்று அதை வாங்கினார். கான்கிரீட்டில் சோயா முளைக்காது என்பது வாங்கிய பிறகு அவருக்குத் தெரிந்தது. இந்தியானாவில் தொழிலதிபர்கள் பலர் இப்படித்தான் உருவாகிறார்கள். 1958இல் பந்தயம் தொடங்கியபோது ஷெரீஃப் நேரில் வந்து வாழ்த்தினார். அதுவரை நெடுஞ்சாலையில் செத்துக்கொண்டிருந்த பையன்கள் இனி வேலி போட்ட இடத்தில் சாவார்கள் என்பதில் அவருக்கு நிம்மதி.

ஒரு காலத்தில் கூட்டம் வந்தது உண்மை. 1969இல் ஒருவர் ஜெட் எஞ்சின் பொருத்திய காரைக் கொண்டுவந்து கிழக்கு வேலியைக் கொளுத்தினார். அன்று நாலாயிரம் பேர் வந்திருந்தார்கள். அதை நேரில் பார்த்ததாகச் சொல்பவர்களை இப்போது எண்ணினால் எட்டாயிரம் தேறும். பிறகு பெரிய வண்டிகள் பெரிய ஊர்களுக்குப் போயின. பாதையின் கடைசிப் பகுதி வெடித்துப் புல் முளைத்தது. 1986இல், ஆர்விலின் மகன் மெர்வின், கால் மைல் பாதையை அரைக்கால் மைலாக வெட்டினார். ரசிகர்களின் நேரம் மிச்சமாகும் என்று அதற்கு விளக்கமும் கொடுத்தார். அப்போது ரசிகர்கள் என்று இருந்தவர்கள் ஓட்டுபவர்களின் மனைவிமார்கள்தான். அவர்கள் மடக்கு நாற்காலி போட்டு, பாதைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார்கள்.

டாயலின் மனைவி ஆர்டித்துக்கு உட்காரக்கூட நேரம் கிடையாது. பொரித்த பன்றி இறைச்சி சாண்ட்விச் விற்கும் கடை அவள் பொறுப்பு. பேருந்து வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு டாயலுக்கு வாரத்தில் ஆறு நாட்கள் எதற்கு இருக்கின்றன என்று புரியவில்லை. சனிக்கிழமை மட்டும் புரிந்தது. அந்தப் பாதை மூடினால் இவர் ஏழு நாளும் சமையலறையில் நின்று எனக்கு உப்பு அளந்து கொடுப்பார் என்று ஆர்டித் சொல்வாள். அவள் அதை வேடிக்கையாகச் சொல்லவில்லை.

பல வருடம் கழித்து, பாதையை ஒட்டிய மேற்கு வயலில் வீடுகள் வந்தன. அந்தக் குடியிருப்புக்குக் 'குவயட் மெடோஸ்', அதாவது அமைதியான புல்வெளி என்று பெயர் வைத்தார்கள். முதல் வீட்டை வாங்கியவர் விட்லோ என்ற பல் மருத்துவர். அவர் வீடு பார்க்க வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமைகளில் டர்னி ஃபீல்டு துறவிகளின் மடம் மாதிரி இருக்கும். குடியேறிய பின் முதல் சனிக்கிழமை வந்தது. பகல் முழுக்க அடுத்தவர் வாயில் துளைபோடும் இயந்திரத்தை ஓட்டுகிற அந்த மனிதர், சத்தம் மனித மனத்தைச் சிதைக்கிறது என்று மாவட்ட நிர்வாகமான கௌண்டிக்கு நாலு பக்கம் மனு எழுதினார்.

கௌண்டி தீர்ப்புச் சொல்லவில்லை. தீர்ப்பைத் தவிர்ப்பதற்குத்தான் அலுவலகங்கள் இருக்கின்றன. ஒரு படிவத்தை அனுப்பினார்கள். மருத்துவரின் வேலி ஓரத்தில் உங்கள் சத்தம் அதிகபட்சம் எத்தனை டெசிபல் என்று நீங்களே எழுதிக் கொடுங்கள். எழுதியதை ஒருமுறை தாண்டினாலும் உரிமம் ரத்து. படிவத்தைக் கொண்டுவந்தவள் ட்வைலா பென்ஸ், சத்தத்துக்கான ஆய்வாளர். ஒன்றாம் வகுப்பு முதல் டாயலின் பேருந்தில் போய் வந்தவள். கட்டத்தில் எந்த எண் வேண்டுமானாலும் எழுதலாம், மேல்வரம்பு எதுவும் இல்லை என்று இரண்டு முறை சொன்னாள். இரண்டாவது முறை ரொம்ப நிதானமாகச் சொன்னாள். அதற்கு மேல் ஓர் அரசு ஊழியர் எப்படிக் கண்ணடிப்பது?

காகிதம் என்றால் மெர்வினுக்கு ஒவ்வாமை. படிவத்தை டாயலிடம் தள்ளிவிட்டார். டாயல் நான்கு சனிக்கிழமை மருத்துவரின் வேலி ஓரத்தில் சத்தம் அளக்கும் கருவியோடு நின்றார். வெப்பம், ஈரப்பதம், காற்றின் திசை எல்லாவற்றையும் நோட்டில் குறித்தார். கடைசியில் எங்கள் முப்பது பேரையும் சாண்ட்விச் கடை முன்னால் கூட்டி, தொண்ணூற்று இரண்டு புள்ளி நான்கு என்று அறிவித்தார்.

ஆர்டித் எண்ணெய்ச் சட்டியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நூறுன்னு எழுதேன். மை தீர்ந்துடுமா?"

"நூறு வராது, ஆர்டித்."

"வராதுன்னுதான் எழுதச் சொல்றேன்."

"வராததை எழுதினா அதுக்குப் பேரு மணல்மூட்டை," என்றார் டாயல்.

அந்த இடத்தில் விவாதமே நடக்கவில்லை என்று சொல்லமுடியாது. நாற்பது நிமிடம் நடந்தது, புள்ளி நான்கா புள்ளி ஐந்தா என்று. வெல்டிங் வேலை பார்க்கும் லான்னி ஷ்ராக், அக்டோபர் குளிரில் எஞ்சின் இன்னும் கொஞ்சம் உறுமுமே என்று கேட்டான். அளந்தது நாலு, எழுதுவதும் நாலு என்று டாயல் சொன்னார். வாக்கெடுத்தோம். ஷூ பாலிஷால் தன்னைப் பற்றிய உண்மையைக் கண்ணாடியில் எழுதி எழுதிப் பழகிய முப்பது பேரில் ஒருவருக்குக்கூட, இது பந்தயம் இல்லை, படிவம் என்று தோன்றவில்லை. நேரக் கோபுரத்தில், ஓடிய நேரம் அச்சான சீட்டைக் கிழித்துக் கொடுப்பவன் நான். புத்தகம் படிப்பவன் என்று பெயர் வேறு. நானும் கை தூக்கினேன்.

இரண்டு வருடம் ஓடியது. ட்வைலா சொல்லாமல் கொள்ளாமல் வந்து வேலி ஓரம் நிற்பாள். தொண்ணூற்று ஒன்று புள்ளி எட்டு, தொண்ணூற்று இரண்டு புள்ளி ஒன்று. அவள் தரும் எண்ணை நான் ஒலிபெருக்கியில் வாசிப்பேன். புள்ளி மூன்று வந்த அன்று கைதட்டல் அடங்க ஒரு நிமிடம் ஆனது. அழிவுக்குப் பத்தில் ஒரு பங்கு தூரத்தில் நிற்கிறோம் என்று கைதட்டியவர்களை வேறு எந்த ஊரிலும் நான் பார்த்ததில்லை.

அக்டோபரின் கடைசிச் சனிக்கிழமை, அந்த வருடத்தின் கடைசிப் பந்தயம். காலையிலிருந்தே குளிர்ந்த, உலர்ந்த, கனமான காற்று. எஞ்சின்களுக்கு அதுதான் விருந்து. எல்லா வண்டிகளும் வழக்கத்தைவிட வேகமாக ஓடின. டாயல் வரிசை வரிசையாக நடந்து, காற்று நல்லா இருக்கு, கண்ணாடியில இருக்கிற எண்ணை மாத்திக்குங்க என்று எல்லோரையும் எச்சரித்தார். தன் கண்ணாடியில் இருந்த எட்டு புள்ளி ஒன்று நான்கைத் துடைத்துவிட்டு எட்டு புள்ளி பூஜ்யம் ஒன்பது என்று எழுதினார். கௌண்டியிடம் எழுதிக் கொடுத்த எண்ணை யாராலும் துடைக்க முடியாது என்பது அவர் நினைவுக்கு வரவில்லை. எங்களுக்கும்தான்.

மாலை நாலு மணிக்கு இறுதிச் சுற்று. டாயலும் லான்னியும். லான்னியின் வண்டி காது பிளக்கும். டாயலின் டார்ட் தையல் இயந்திரம் மாதிரி. டார்ட் மெதுவான வண்டி, அதனால் முதலில் கிளம்பியது. எல்லையில் லான்னியை ஒரு பம்பர் நீளத்தில் முந்தியது. சீட்டு அச்சாகி வந்தபோது நான் அதை இரண்டு முறை படித்தேன். எழுதியது 8.09. ஓடியது 8.09. நாற்பது வருடத்தில் அவர் ஒருமுறைகூட அப்படி ஓடியதில்லை. ஒலிபெருக்கியில் சொன்னேன். மடக்கு நாற்காலிகள்கூடத் திரும்பிப் பார்த்தன.

டாயல் சீட்டை வாங்கி இரு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் ட்வைலா மேற்கு வேலியிலிருந்து நடந்து வந்தாள். ஓடிவராமல் நடந்து வந்ததிலேயே எனக்கு விஷயம் புரிந்தது. கருவியை டாயலிடம் காட்டினாள். இறுதிச் சுற்றில் தொண்ணூற்று இரண்டு புள்ளி ஆறு.

சாண்ட்விச் கடை முன்னால் எல்லோரும் கூடிவிட்டோம். ட்வைலா குரலைத் தாழ்த்தினாள். "மிஸ்டர் ஹெக்கர்ட், காத்து வேற அந்தப் பக்கமா அடிச்சுது. நான் வெறும் தொண்ணூத்திரண்டுன்னு எழுதிக்கிறேன். புள்ளிக்கு அப்புறம் இருக்கிறதை ஆபீஸ்ல ஒருத்தரும் படிக்கமாட்டாங்க."

டாயல் கையிலிருந்த சீட்டைப் பார்த்தார். "இதுல புள்ளிக்கு அப்புறம்தான்மா எல்லாமே இருக்கு."

"டாயல்," என்றாள் ஆர்டித். "ஒரே ஒரு தடவை வாயை மூடிக்கிட்டு நில்லு. உனக்காகக் கேக்கல. எனக்காக."

அவர் நின்றார். உண்மையாகவே அரை நிமிடம் வாயை மூடிக்கொண்டு நின்றார். அந்த அரை நிமிடத்தில் அவர் மெர்வினைப் பார்த்தார், பாதையைப் பார்த்தார், கடையின் கரி பிடித்த கூரையைப் பார்த்தார். ட்வைலா பேனாவைத் திறந்து காத்திருந்தாள்.

"பிரேக்அவுட்," என்றார் டாயல். "புள்ளி ஆறுன்னு எழுதும்மா."

மெர்வின் தலையாட்டினார். தகப்பனின் நிலம், அறுபது வருடப் பிழைப்பு, போகிறது, மனிதர் தலையாட்டுகிறார். லான்னி தொப்பியைக் கழற்றினான். பிறகு ஒவ்வொருவராகப் போய் வண்டிகளை டிரெய்லரில் ஏற்றத் தொடங்கினோம். சண்டைக்குத் தயாராகக் கௌண்டி ஒரு வக்கீலை ஏற்பாடு செய்து வைத்திருந்ததாம். எதிர்த்து ஒரு கடிதம்கூட வராததில் அவருக்குப் பெரிய ஏமாற்றம் என்று கேள்விப்பட்டேன்.

டாயல் செய்ததை நேர்மை என்று ஊரில் சிலர் சொன்னார்கள். பிழைக்கத் தெரியாத்தனம் என்று மற்றவர்கள் சொன்னார்கள். எனக்கு இரண்டிலும் சந்தேகம் உண்டு. நேர்மை என்றால் பொய் சொல்ல வழி தெரிந்திருக்கவேண்டும். டாயலுக்கு அந்த வழி நாற்பது வருடத்தில் மூடிப்போயிருந்தது. ஆனால் அந்த அரை நிமிடத்தை என்ன செய்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை. வழி முழுக்க மூடியிருந்தால் அவர் எதற்கு நின்றார்?

ஆர்டித் பதினோரு நாள் அவரோடு பேசவில்லை. பன்னிரண்டாம் நாள், சமையலறையை விட்டு வெளியே போ என்று சொன்னாள். அத்தோடு சமாதானம்.

மெர்வின் நிலத்தை விற்றார். இணையத்தில் வாங்கும் பொருட்களை அடுக்கி வைக்கும் கிடங்கு ஒன்று அங்கே எழுந்தது. அவர்களுக்கும் கௌண்டி அதே படிவத்தை அனுப்பியது. கட்டத்தில் எண்ணை எழுதிய வக்கீல் லீப்ஸ்பர்க்கைப் பார்த்ததே கிடையாது. நூற்றுப் பத்து என்று எழுதினார்.

கிடங்கு திறந்த மூன்றாம் வாரம், டாக்டர் விட்லோ டாயலின் வாசலில் வந்து நின்றார். கண்களுக்குக் கீழே கருவளையம். அதிகாலை ஐந்து மணிக்கே லாரிகள் பின்னோக்கி வரத் தொடங்கிவிடுகின்றன, பீப் பீப் என்று கத்துகின்றன, சனிக்கிழமை மட்டுமல்ல, எல்லாக் கிழமையும். உங்களுக்கு அளக்கத் தெரியுமே, கொஞ்சம் வந்து அளந்து தரமுடியுமா என்று கேட்டார். கூச்சம் என்ற ஒன்றை மரத்துப்போக வைக்கவும் பல் மருத்துவர்களிடம் ஊசி இருக்கும் போலிருக்கிறது.

டாயல் மறுக்கவில்லை. அளப்பதற்கு ஒன்று கிடைத்ததே என்று நோட்டையும் எடுத்துக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன். அதே வேலி, அதே இடம். தொண்ணூற்று ஏழு புள்ளி மூன்று. மருத்துவர் முகம் மலர்ந்தது.

"அப்ப இவங்களையும் மூடிடலாம்தானே?"

"முடியாது டாக்டர். இன்னும் பன்னெண்டு புள்ளி ஏழு கையில வெச்சிருக்காங்க."

"எங்களைவிட அதிகமா கத்தறாங்க... அதாவது, உங்களைவிட. இது அநியாயம் இல்லையா?"

டாயல் கருவியை உறையில் போட்டு மூடினார். கிடங்கை ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்தார். முப்பத்து மூன்று வருடம் பேருந்தில் குழந்தைகளோடு போய்வந்த மனிதர், கெட்ட வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

"மணல்மூட்டை," என்றார்.

வீட்டுக்குத் திரும்பியபோது ஆர்டித் வாசற்படியில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். எவ்வளவு வந்தது என்று கேட்டாள். டாயல் சொன்னார். அவர்கள் எவ்வளவு என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று கேட்டாள். டாயல் அதையும் சொன்னார்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"நான் நூறுதான் சொன்னேன்," என்றாள்.