விழ விடாத கை

டொக். துளை போட்ட பிளாஸ்டிக் பந்து மட்டையில் படும் ஓசை. கோலசிலாங்கூர் மண்டபத்தைக் கடக்கையில் அது காதில் விழுந்தால் என் கால்கள் தாமாக நின்றுவிடுகின்றன. மச்சான் மறுபடி மட்டை பிடித்த அந்தக் காலைப்பொழுது நினைவில் எழுந்து வருகிறது.

மச்சான் என் அக்காவின் கணவர். தோட்டத்து லயத்து வீடுகளுக்குப் பின்னால், சுண்ணாம்புக் கோடு போட்ட திடலில், பேட்மிண்டனுக்கு நானும் அவரும் ஜோடி. ஜோடி என்பது பேச்சுக்குத்தான். இறகுப்பந்து தரையைத் தொட்டால் செத்தது. அவர் எதையும் சாக விட்டதில்லை. என் பக்கம் வருவதையும் குறுக்கே பாய்ந்து, எகிறி, மணிக்கட்டைச் சொடுக்கி அடித்துவிடுவார். நான் மெதுவான ஆள். ஒதுங்கி நிற்பதே என் ஆட்டம்.

எகிறி எகிறி முழங்கால் போயிற்று. இனிக் குதிக்கவே கூடாது என்றுவிட்டார் டாக்டர். அதன்பின் நாற்காலி, சுவர், மௌனம். அக்கா போன் செய்தாள்.

"தம்பி, மனுஷன் வாயத் தொறக்க மாட்டேங்குறாரு. எங்கயாச்சும் கூட்டிட்டுப் போ லா."

அந்தத் துளைப்பந்து ஆட்டம், பிக்கில்பாலுக்குக் கூட்டிப்போனேன். சின்னத் திடல், குதிக்கத் தேவையில்லை.

"பேட்மிண்டன் ஆடுன கைக்கு இது என்னா பெரிய வேலயா?" என்று சிரித்தார். எத்தனை நாளைக்குப் பிறகு!

கை அவர் பேச்சைக் கேட்கவில்லை. இந்த ஆட்டத்தில் முதலில் போடும் பந்தும், அதற்குத் திரும்பி வரும் பந்தும் தரையில் ஒருமுறை பட்டு எழுந்த பிறகுதான் அடிக்க வேண்டும். அவரோ காற்றிலேயே அறைந்தார். மணிக்கட்டுச் சொடுக்கில் பந்து கோட்டைத் தாண்டிச் சுவரில் மோதியது.

"அங்கிள், பவுன்ஸ் லா, பவுன்ஸ்!" என்று எதிரில் ஆடிய சீன அம்மா கத்தினார்.

பேட்மிண்டன் திடல் கற்றுக்கொடுத்த அவசரம் இங்கே குற்றம். அங்கே என் குறையாக இருந்த தாமதம், இங்கே என்னைச் சரியான இடத்தில் நிறுத்தியது. என் பக்கம் வந்த பந்து விழுந்து எழுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டேன். அடிக்கக் கை ஓங்கினேன். குறுக்கே மச்சான் பாய்ந்தார். முழங்கால் மடங்கியது. விழுந்தார்.

எழுந்து, மட்டையைப் பைக்குள் திணித்தார்.

"போதும் மாப்ள. இதுக்கு வீட்லயே குந்தியிருக்கலாம்."

"மச்சான், அது என் பந்து. இத்தன வருஷத்துல எனக்கு ஒன்னுகூட விட்டதில்ல நீங்க."

பையின் ஜிப்பை இழுத்தவர் பாதியில் நிறுத்தினார்.

"நீ எடுப்பன்னு நான் நெனச்சதே இல்லடா."

"இப்ப பாருங்க."

மட்டை பையிலிருந்து வெளியே வந்தது. அடுத்த பந்து என் பக்கம். அவர் தோள் துடித்ததைக் கண்டேன். கை பாதி எழுந்து, அங்கேயே நின்றது. பந்து விழுந்தது. எழுந்தது. மெல்லத் தட்டினேன். வலையைத் தாண்டி, யாருக்கும் எட்டாத மூலையில் போய் விழுந்தது. திரும்பும் வழியில் மச்சான் மட்டைப் பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தார். இனி வரமாட்டார் என்றே நினைத்தேன்.

வீட்டு வாசலில் கார்க் கதவைப் பிடித்து மெதுவாக இறங்கினார். உள்ளே குனிந்தார்.

"ஞாயித்துக்கெழம கூப்பிட வர்றப்ப ஹாரன் அடிக்காத, ஒங்கக்கா தூங்குவா. நான் வாசல் கேட்டு பக்கத்துலயே நிக்கிறேன்."