இரத்தத்தில் இல்லை

மாதவிடாய் நின்று சில வருடங்களுக்குப் பிறகு என் மூத்த சகோதரி ராத்தாவுக்கு மறுபடி இரத்தம் பட்டது. அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. சிலாவத்துறையில் வீடு வீடாக வரும் மிட்வைஃப் பெண்களுக்கான கிளினிக்குக்குப் பல தடவை கூப்பிட்டும், ஊர் பார்க்க அங்கே போய்ப் பரிசோதனைக்குப் படுக்க ஏலாது என்று மறுத்தவர். இடுப்பு வலியில் சோற்றுப் பானையை இறக்க முடியாமற் போன அன்றுதான் மன்னாரிலிருந்த எனக்கு போன் எடுத்தார்.

கருப்பைக் கழுத்தில் புற்றுநோய். கொழும்புக்குக் கொண்டுபோனபோது அது பரவியிருந்தது. கதிர்ச் சிகிச்சை தொடங்கினார்கள். வயிறு எரிந்து, சாப்பிட்டதெல்லாம் வெளியே போனது. துணைக்கு நான் நின்றேன். அவர் புருஷன், என் மச்சான், மீன்பிடிக்கக் கடலுக்குப் போகாமல் பிள்ளைகளோடு இருந்தார்.

அப்போது மூத்த மகளுக்கு மன்னாருக்குப் பக்கத்துத் தாராபுரத்தில் நிக்காஹ் பேசி முடித்திருந்தது. செய்தி பரவியதும் மாப்பிள்ளை வீட்டார் பேச்சைக் குறைத்தார்கள். தாய்க்கு வந்தது மகளின் இரத்தத்திலும் இருக்கும் என்று அங்கே கதைப்பதாக ஓர் உறவினர் சொன்னார். அது ராத்தாவின் காதுக்கும் எட்டியது.

மறுநாள் டொக்டர் வந்தபோது ராத்தா நேரே கேட்டார்.

“இது என்ட மகளுக்கும் போகுமா, டொக்டர்?”

டொக்டர் தமிழ்ப் பெண். கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு வைரஸ் பல வருடங்களாக உள்ளே தங்கியிருந்திருக்கிறது என்றார். உடம்பிலுள்ள நுண்ணிய கலங்கள் கண்டபடி பெருகாமல் தடுக்கும் மரபணுக்கள் சில உண்டு. வைரஸ் தங்கிய இடத்தில் அவற்றின் மேல் சிறு இரசாயனத் துணுக்குகள் ஒட்டிக்கொள்ளும்.

“மரபணுவின்ட எழுத்து அப்பிடியே இருக்கும், அம்மா. ஆனா வேலை செய்யாது, வாயடைச்சுப் போயிடும். இது உங்கட கருப்பைக் கழுத்தில நடந்த மாற்றம். பிள்ளைக்குப் போகாது.”

ஒட்டியதைக் கழற்ற முடியாதா என்று ராத்தா கேட்டார். அதற்கான மருந்துகளை ஆராய்கிறார்கள், உங்களுக்குத் தர இப்போது எங்கள் கையில் ஒன்றுமில்லை என்றார் டொக்டர். பிறகு வைரஸ் எப்படி வந்தது என்ற கேள்வி. புருஷன் பெண்சாதி உறவில் வருவது, மிகச் சாதாரணமானது, யாரிடமிருந்து எப்போது வந்தது என்று எவராலும் சொல்ல முடியாது என்று பதில் வந்தது. ராத்தா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பின்னேரம் என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

“தாராபுரத்துக்குப் போய் எல்லாத்தையும் சொல்லு. என்ட பேர் கெட்டாலும் பரவாயில்லை. பிள்ளைட இரத்தத்தில ஒண்டுமில்லை எண்டு அவங்களுக்கு விளங்கோணும்.”

நான் போனேன். மாப்பிள்ளையின் தாய் தேத்தண்ணி தந்து, டொக்டர் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு மெல்ல, “அப்ப அந்த வைரஸ் ஆரால வந்தது?” என்றார். யாரால் என்று எவராலும் சொல்ல முடியாதாம் என்றேன். அவர் என் முகத்தைப் பார்ப்பதை விட்டார். அந்த வாரமே கல்யாணம் வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்கள். ராத்தாவிடம் நாள் தள்ளியிருக்கிறது என்று மட்டும் சொன்னோம். அவர் நம்பினாரா என்று தெரியாது. அடுத்த மாதம் மௌத்தானார்.

ராத்தாவின் மையித்தைச் சிலாவத்துறையில் அடக்கினோம். வந்தவர்கள் கலைந்த பிறகு மச்சான் வேலியோரம் நின்ற என்னிடம் வந்தார். தாராபுரத்துக் கதை அவர் வரைக்கும் வந்திருந்தது.

“என்னாலயா?” என்று கேட்டார்.

“தெரியாது, மச்சான். ஒருத்தராலயும் சொல்ல ஏலாதாம்.”

அவர் தலையாட்டினார். வீட்டுக்குள் பெண்கள் சோறு போட்டுக் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை. மகள் சோற்றுக் கோப்பையை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தாள். அவளை நிமிர்ந்து பார்க்காமலே அவர் அங்கே குந்தியிருந்தார்.