கிளச் எரிந்த அன்று லொறி யாருடையது

பதினொரு வருடம் ஒரே முதலாளியின் லொறியை ஓட்டினேன். அவருக்குக் கம்பளையில் சீமெந்து, கம்பி, ஓடு விற்கும் கடை. எனக்கு அம்பிட்டியவில் வாடகை வீடு. காலையில் பஸ்ஸில் கம்பளைக்குப் போய் லொறியை எடுப்பேன், மாலையில் கொண்டுபோய் விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்புவேன். சொந்தமாக ஒரு லொறி வாங்கலாம் என்று ஒருமுறை லீசிங் கம்பனிக்குப் போனேன். அரசாங்க உத்தியோகத்தர் இரண்டு பேரைப் பிணைக்குக் கூட்டி வரச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்த அரசாங்க உத்தியோகத்தர் எல்லாம் வீதியில் மறித்து லைசென்ஸ் கேட்கிறவர்கள்தான். அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன்.

பிறகு ஒருநாள் முதலாளி புதிய லொறி ஒன்று வாங்கினார். பழையதை என்ன செய்வது என்று யோசித்தவர் என்னைக் கூப்பிட்டார்.

“ஓட்டிக்கிட்டே மாசா மாசம் கட்டுங்க தம்பி. நாலு வருஷத்தில லொறி ஒங்கட.”

கடைக்குப் பக்கத்தில் டைப் அடித்து முத்திரை ஒட்டிய ஒரு பக்கத் தாள் தயாராக இருந்தது. முதல் வரியில் என் பெயரும் லொறியின் நம்பரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அதற்கு மேல் வாசிக்கத் தோன்றவில்லை. கையெழுத்து வைத்தேன்.

மீதியை என் மனைவி வாசித்தாள். அவள் கண்டியில் பத்திரம் எழுதும் ஒரு நொத்தாரிசு ஐயாவிடம் டைப் செய்கிறாள். ஊரார் சண்டைகளையெல்லாம் வருடக்கணக்காகத் தட்டச்சில் அடித்தவள். வண்டிக்கு எந்த ரிப்பேர் வந்தாலும் டிரைவர் பொறுப்பு. முதலாளி தரும் லோடைத் தவிர வேறு லோடு ஏற்றக்கூடாது. ஒரு மாதம் பிந்தினால் லொறி முதலாளிக்குத் திரும்பிவிடும், கட்டிய காசு திரும்பாது. அந்தத் தாளில் இருந்தது இவ்வளவுதான்.

“இதுல நீங்க வேலைக்காரரா, சொந்தக்காரரா?” என்று கேட்டாள்.

இரண்டும்தான் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

“ரெண்டு பேரோட கஷ்டமும் உங்களுக்கு. ரெண்டு பேரோட சௌகரியமும் அவருக்கு.”

முதலாளி நல்ல மனிதர், அப்படியெல்லாம் செய்யமாட்டார் என்றேன். நல்ல மனிதர் என்பதால்தான் இப்போதே போய்ப் பேசச் சொல்வதாக அவள் சொன்னாள். நான் போகவில்லை. பதினொரு வருடம் ‘சரிங்க முதலாளி’ என்றே பழகிய வாய்க்கு வேறு வார்த்தை வரவில்லை.

லொறி இப்போது எங்கள் வீட்டு வாசலில் நின்றது. முதலாளியால்தான் தாங்க முடியவில்லை. தினமும் காலையில் தொலைபேசியில் கூப்பிட்டு, “எப்பிடி ஈக்குது?” என்பார். முதல் இரண்டு நாள் நான் சுகமாக இருக்கிறேன் என்று பதில் சொன்னேன். மூன்றாம் நாள்தான் விசாரிப்பு லொறியைப் பற்றி என்று விளங்கியது. ஒருநாள் பேராதனைப் பக்கம் எதிரே வந்தவர், தன் வேனை நிறுத்தி என்னையும் நிறுத்தச் சொன்னார். இறங்கி வந்து, நம்பர் தகட்டில் இருந்த சேற்றைத் தன் கைலேஞ்சியால் துடைத்துவிட்டு, வேனில் ஏறிப் போனார்.

ஐந்தாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய ராத்தா, அதாவது மூத்த சகோதரி, கம்பளையிலிருந்து அம்பிட்டியவுக்கு வீடு மாறினார். முதலாளி அதை ‘சின்ன வேல’ என்றார். முதிரை மரத்தில் செய்த அலுமாரி ஒன்று, கட்டில்கள், ஃபிரிட்ஜ், பன்னிரண்டு கதிரை, ஒரு மூட்டைக் கருவாடு. ராத்தா ஓட்டோவில் பின்னால் வந்தார். முதலாளி என் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த வளைவில் எந்த கியர் போட வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்.

பாதி ஏற்றத்தில் அலுமாரி ஆடுகிறது, நிறுத்துங்கள் என்றார். இந்த இடத்தில் நிறுத்தினால் எடுப்பது கஷ்டம் என்றேன். நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். அலுமாரி அசையாமல்தான் இருந்தது. திரும்ப எடுக்கும்போது லொறி முன்னால் போகவில்லை. ஒரு நாற்றம் மட்டும் வந்தது. கருவாட்டு மூட்டை அவிழ்ந்துவிட்டது என்று முதலாளி ராத்தாவைக் குறை சொன்னார். எரிந்தது கிளச் என்று எனக்குத் தெரியும்.

ராத்தா ஓட்டோவிலிருந்து இறங்கி, தன்னுடைய கதிரை ஒன்றை இறக்கச் சொல்லி ரோட்டோரத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டார். எங்கள் வீடு இரண்டு வளைவு மேலேதான் என்பதால் என் மனைவி பிளாஸ்க்கில் தேத்தண்ணியோடு இறங்கி வந்தாள். கராஜிலிருந்து வந்த மெக்கானிக் பாஸ் லொறிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, கிளச் பிளேட் முடிந்தது என்றார்.

“ரிப்பேர் தம்பிட பொறுப்புத்தானே,” என்றார் முதலாளி. அதைச் சொல்லும்போது அவருக்கே சங்கடமாக இருந்தது. ஆனால் தாளில் அப்படித்தானே இருந்தது.

மனைவி அவருக்குத் தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டுக் கேட்டாள்:

“முதலாளி, இன்னைக்கு லொறி யாரோடதுங்க?”

“தம்பிடதான். அதில என்ன சந்தேகம்?”

“அப்ப ஹயர் காசு தரணுமே. ஞாயித்துக்கிழமை, வீட்டுச் சாமான், மலை ஏத்தம்.”

முதலாளி தேத்தண்ணிக் கோப்பையை லொறியின் படியில் வைத்தார்.

“இல்ல தங்கச்சி, லொறி இன்னும் என்ட பேர்லதானே ஈக்குது.”

“அப்ப கிளச்சும் உங்களோடதுதானுங்க.”

முதலாளி உதவிக்கு என்னைப் பார்த்தார். நான் பின் டயரில் ஏதோ பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன். அப்போது ராத்தா கதிரையில் இருந்தபடியே தீர்ப்புச் சொன்னார்:

“ரெண்டில ஒண்டச் சொல்லு. எனக்கு வெயில் சுடுது.”

முதலாளி சிரித்துவிட்டார். கிளச்சுக்குத் தானே பணம் கொடுப்பதாகச் சொல்லி, கதிரை இரண்டைத் தூக்கிக்கொண்டு ராத்தாவின் புது வீட்டை நோக்கி நடக்கத் தொடங்கினார். நானும் ரோட்டில் போன நாலு பேரும் அலுமாரியைத் தூக்கினோம். முதிரை எவ்வளவு பாரம் என்று என் தோள் ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தது.

அடுத்த கிழமை நொத்தாரிசு ஐயாவின் அறையில் புதிய ஒப்பந்தம் எழுதினோம். இந்த முறை நானும் வாய் திறந்தேன். பெரிய ரிப்பேர் வந்தால் ஆளுக்குப் பாதி. அவருடைய லோடை முடித்த பிறகு வெளி லோடு ஏற்றலாம். டீசல் தட்டுப்பாட்டில் வரிசையில் நாட்கணக்காக நின்ற காலத்தை யாரும் மறந்திருக்கவில்லை. அதனால் லொறி ஓட வழியில்லாத மாதத்துக்குத் தவணை தள்ளிப்போகும். நான் நடுவில் விட்டால் கட்டியதில் ஒரு பங்கு எனக்குத் திரும்பும். எல்லாவற்றுக்கும் முதலாளி தலையாட்டினார். தனக்கும் ஒரு நிபந்தனை வேண்டும் என்றார். காலையில் லொறியைப் பற்றி விசாரிக்கும் உரிமை. ஐயா எழுத மறுத்துவிட்டார். எழுதாமலே அந்த உரிமை நடந்துகொண்டிருந்தது.

லொறி என் பேருக்கு வர நாலு வருடமும் சில மாதமும் ஆனது. மோட்டார் வாகன அலுவலகத்தில் கைமாற்றுப் படிவத்தைக் கொடுத்தபோது முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக வாசித்தார். பின்னால் வரிசை நீண்டது. ஒருவர் இருமினார். கடைசியில் தலையை நிமிர்த்தி என் காதருகே கேட்டார்:

“இது ஒங்கட பொஞ்சாதி டைப் பண்ணினதா?”

இல்லை, அரசாங்கம் அச்சடித்தது என்றேன்.

“அப்ப பயமில்ல,” என்று கையெழுத்து வைத்தார்.